ஜனவரி 11: கொடி காத்த குமரன் விடைபெற்ற தேதியில் இன்னும் என்னவெல்லாம் நடந்தன?

திருப்பூரில் ஜனவரி இரண்டாவது வாரம் எப்போதுமே பரபரப்பு. பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் பிடிக்க வேண்டும். அதற்குள் கையில் இருக்கும் ஆர்டரை முடித்து அனுப்பியாக வேண்டும். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடும். பெருமாள் கோயில்களில் கூடாரவல்லிக்கு நெய் வழிய அக்காரவடிசல் தயாராகும். மார்கழி 27 பெரும்பாலும் ஜனவரி 11-ஐ ஒட்டித்தானே வரும்!

இந்தப் பரபரப்புக்கு நடுவே, ஜனவரி 11 அன்று ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் நினைவிடத்தில் குமரன் சிலைக்கு மாலை விழும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். குமரன் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருக்கும்.

தினசரி காலண்டரைப் பார்த்தால், அன்றைய தாளில் ராகு காலம் இருக்கும், எமகண்டம் இருக்கும், யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதும் இருக்கும். சில காலண்டர்களில் மூலையில் பொடி எழுத்தில் 'திருப்பூர் குமரன் நினைவு நாள்' என்றும் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது? அதே தேதியில் உலகத்தின் மற்ற மூலைகளில் என்ன நடந்தது?

தேடிப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். 1912, 1922, 1932 என்று சரியாகப் பத்துப் பத்து ஆண்டு இடைவெளியில் மூன்று ஜனவரி 11-கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது ஒரு துணி மில்லில், இரண்டாவது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூன்றாவது நம் திருப்பூரில். மூன்றிலும் மையத்தில் இருப்பவர்கள், அதுவரை ஊருக்கே பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள்.

1932: கணக்கு எழுதிய கை பிடித்த கொடி

குமரனின் சொந்த ஊர் சென்னிமலை. முருகன் கோயிலுக்கும் கைத்தறிப் போர்வைக்கும் பெயர் பெற்ற ஊர். 1904 அக்டோபர் 4 அன்று நாச்சிமுத்து - கருப்பாயி தம்பதிக்குப் பிறந்தார். இயற்பெயர் குமாரசாமி. நெசவுக் குடும்பம். வீட்டு நிலைமை காரணமாகப் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. ராமாயியைத் திருமணம் செய்துகொண்டார். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, மில்லில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார்.

அன்றைய திருப்பூர் இன்றைய திருப்பூர் இல்லை. பனியன் தொழில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை பருத்தியும் கதரும்தான். ராட்டையில் நூற்பதும் கதர் உடுத்துவதும் அன்று வெறும் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமில்லை, அரசியல். இளைஞர்கள் கூடி நடத்திய தேசபந்து வாலிபர் சங்கத்தில் குமரனும் ஓர் உறுப்பினர். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் சங்க வேலை என்று நாட்கள் ஓடின.

1931 கடைசியில் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் இருந்து காந்தி வெறுங்கையோடு திரும்பினார். 1932 ஜனவரி 4 அன்று கைது செய்யப்பட்டார். நாடு முழுக்க மறியலும் ஊர்வலமும் வெடித்தன. அரசும் தடைக்கு மேல் தடை போட்டது. கொடியோடு தெருவில் இறங்கினால் அடி நிச்சயம் என்ற நிலைமை.

ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் பி.எஸ்.சுந்தரம் தலைமையில் ஒரு சிறு கூட்டம் கொடி பிடித்து, 'வந்தே மாதரம்' முழக்கத்தோடு ஊர்வலம் கிளம்பியது. அதில் குமரனும் இருந்தார். வழியில் போலீஸ் மறித்துத் தடியடி நடத்தியது. தலையில் பலத்த அடி விழுந்து குமரன் சரிந்தார். சரிந்த பிறகும் கையில் இருந்த கொடியை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள், ஜனவரி 11, உயிர் பிரிந்தது. வயது 27.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அன்று காங்கிரஸ் பிடித்த கொடி இன்றைய தேசியக் கொடி அல்ல. காவி, வெள்ளை, பச்சை என்ற மூவர்ணத்தை 1931 ஆகஸ்டில்தான் காங்கிரஸ் முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அசோகச் சக்கரம் கிடையாது, ராட்டை இருந்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கொடியை முடிவு செய்தபோதுதான் ராட்டையின் இடத்துக்குச் சக்கரம் வந்தது. நூலை நம்பி வாழ்ந்த ஓர் ஊரில், நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒருவர் உயிரைக் கொடுத்துக் காத்த அந்தக் காலத்துக் கொடியின் நடுவில் இருந்தது நூல் நூற்கும் கருவி!

'கொடி காத்த குமரன்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவருடைய நூற்றாண்டான 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

1912: சம்பளக் கவரில் குறைந்த 32 சென்ட்

குமரன் இறப்பதற்குச் சரியாக 20 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் இன்னொரு துணி ஊர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் இருக்கும் லாரன்ஸ். நொய்யல் கரையில் நம் ஊர் மாதிரி, அங்கேயும் ஆற்றை ஒட்டி மில்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். இத்தாலி, போலந்து, லிதுவேனியா, சிரியா என்று பல நாட்டு மக்கள். ஒரே மில்லுக்குள் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது.

அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஒரு நல்ல சட்டம் அமலுக்கு வந்தது. பெண்களும் சிறுவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தது போய், இனி 54 மணி நேரம் போதும் என்றது சட்டம். நல்ல விஷயம்தானே? மில் முதலாளிகள் வேறு கணக்குப் போட்டார்கள். குறைந்த 2 மணி நேரத்துக்கான கூலியைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஜனவரி 11, எவரெட் மில். போலந்துப் பெண்கள் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்தார்கள். 32 சென்ட் குறைந்திருந்தது. வாரம் முழுக்க உழைத்தாலும் 9 டாலர்கூட எட்டாத குடும்பங்களில் 32 சென்ட் என்பது பல நாள் ரொட்டி. 'சம்பளம் குறையுது' என்று கத்திக்கொண்டே தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வெளியே கடுங்குளிர். மறுநாள் மற்ற மில்களும் நின்றன. சில நாட்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் தெருவில் இருந்தார்கள்.

சனிக்கிழமை சம்பளக் கணக்கைச் சரிபார்க்கும் எந்தத் திருப்பூர்த் தொழிலாளிக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பீஸ் ரேட்டில் ஒரு பீஸுக்குச் சில பைசா குறைந்தாலும், வார முடிவில் அது எவ்வளவு என்று டெய்லருக்கும் தெரியும், கைமடிக்கும் தெரியும்.

'இத்தனை மொழிக்காரர்கள் ஒன்றாக நிற்க மாட்டார்கள்' என்று முதலாளிகள் நினைத்தார்கள். கூட்டங்களில் ஒவ்வொரு பேச்சும் பல மொழிகளில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. மில் வாசலில் நின்றால் கைது என்றதும், நிற்காமல் கைகோத்து மில்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். சமையல் கூடங்கள் அமைத்துப் பொங்கிப் போட்டார்கள். பசியில் வாடிய குழந்தைகளை நியூயார்க்கில் இருந்த ஆதரவாளர்களின் வீடுகளுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்தில் தாய்களையும் குழந்தைகளையும் போலீஸ் அடித்து இழுத்தபோது நாடே அதிர்ந்தது. நாடாளுமன்ற விசாரணைக்கு உத்தரவானது.

அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் ஒருத்தி கமெல்லா தியோலி. இத்தாலியக் குடும்பத்துச் சிறுமி. 13 வயதில், 14 என்று காட்டும் சான்றிதழுக்கு அவள் அப்பா 4 டாலர் கொடுத்து மில்லுக்கு அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் நூல் முறுக்கும் எந்திரத்தில் கூந்தல் சிக்கி, தலைத்தோல் பிய்ந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதையெல்லாம் அவள் சொன்னபோது, அமெரிக்க அதிபர் டாஃப்ட்டின் மனைவியும் அவையில் இருந்தார். 'ஏன் வேலைநிறுத்தம் செய்தாய்?' என்று கேட்டதற்கு, வீட்டில் போதுமான சாப்பாடு இல்லை என்றுதான் பதில் சொன்னாள்.

மார்ச் மத்தியில் மில்கள் இறங்கிவந்தன. கூலி உயர்ந்தது. பயத்தில் பக்கத்து ஊர் மில்களும் கூலியைக் கூட்டின. 'ரொட்டியும் ரோஜாவும்' போராட்டம் என்று அந்த வேலைநிறுத்தம் இன்று அழைக்கப்படுகிறது. வயிற்றுக்குச் சோறு மட்டும் போதாது, மனிதராக வாழ்வதும் வேண்டும் என்பது அந்தப் பெயருக்குப் பொருள்.

1922: தோற்றுப்போன ஓர் ஊசி

லாரன்ஸில் பெண்கள் தறியை நிறுத்திச் சரியாகப் பத்து ஆண்டு. கனடாவில் டொரண்டோ பொது மருத்துவமனை. கட்டிலில் 14 வயது லியோனார்ட் தாம்சன். எடை சுமார் 29 கிலோ. எலும்பும் தோலுமாகக் கிடந்தான். நோய், நம் வீடுகளில் இன்று சர்வசாதாரணமாகப் பேசப்படும் 'சுகர்'. அதிலும் சிறுவர்களைத் தாக்கும் வகை.

அப்போது அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்திப் பட்டினி போடுவதுதான் சிகிச்சை. நோயால் சாவதைக் கொஞ்சம் தள்ளிப்போடப் பட்டினியால் வாட விடுவார்கள். பெற்றோர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஃபிரெடரிக் பான்டிங் என்ற டாக்டரும், சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞரும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை நாய்களிடம் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மனிதருக்குப் போட்டது இல்லை. இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற நிலையில் லியோனார்டின் அப்பா சம்மதித்தார். ஜனவரி 11 அன்று, உலகில் முதல்முறையாக ஒரு மனித உடலில் இன்சுலின் ஏறியது.

பலன்? ஏமாற்றம்தான். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. மருந்தில் கசடு இருந்ததால் ஊசி போட்ட இடம் புண்ணானது. சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியல் நிபுணர் அடுத்த 12 நாட்கள் இரவு பகலாக அந்தச் சாற்றைச் சுத்திகரித்தார். ஜனவரி 23 அன்று மறுபடி ஊசி. இந்த முறை சர்க்கரை சரசரவென இறங்கியது. பையன் எழுந்து நடமாடினான். அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு 1 டாலர் என்று டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு வந்தது. பான்டிங் தன் பங்குத் தொகையை பெஸ்டோடும், உடன் பரிசு பெற்ற மெக்ளவுட் தன் பங்கை காலிப்போடும் பகிர்ந்துகொண்டார்கள்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் குப்பி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், அந்த முதல் நாள் ஊசி தோற்றதோடு யாரும் கைவிடவில்லை என்பதில் ஒரு பங்கு இருக்கிறது.

1966: இரண்டு நாள் மூத்தவர், ஒரே தேதி

லால் பகதூர் சாஸ்திரி பிறந்தது 1904 அக்டோபர் 2. குமரன் பிறந்தது 1904 அக்டோபர் 4. ஒருவர் உத்தரப்பிரதேசம் முகல்சராயில், இன்னொருவர் சென்னிமலையில். இரண்டு நாள் இடைவெளியில் பிறந்த இருவருக்கும் இறுதி நாள் ஒரே தேதியில் அமைந்தது. குமரனுக்கு 27 வயதில். சாஸ்திரிக்கு 61 வயதில், பிரதமராக, சொந்த நாட்டுக்கு வெகுதூரத்தில்.

1965 போருக்குப் பிறகு இந்தியாவையும் பாகிஸ்தானையும் சோவியத் நாடு தாஷ்கண்டில் உட்கார வைத்துப் பேசியது. 1966 ஜனவரி 10 அன்று சாஸ்திரியும் அயூப் கானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்றிரவு, தேதி 11-க்கு மாறிய பிறகு, சாஸ்திரிக்கு மூச்சுத்திணறல். மாரடைப்பு என்று அறிவித்தார்கள். அந்த மரணத்தைப் பற்றிய கேள்விகள் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன்புவரை போர்க்களத்தில் எதிரே நின்ற அயூப் கான், சோவியத் பிரதமர் கோசிகினோடு சேர்ந்து அவர் பெட்டியைத் தோளில் சுமந்தார்.

தமிழ்நாட்டுக்கும் சாஸ்திரிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, 'பொறுப்பு என்னுடையது' என்று ரயில்வே அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர் அவர்தான். நேரு மறைந்த பிறகு அவரைப் பிரதமராகக் கொண்டுவருவதில் முன்னின்றவர், அன்றைய காங்கிரஸ் தலைவர் காமராஜர். உணவுத் தட்டுப்பாடு வந்தபோது வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். அதற்கு முன்பு அதைத் தன் வீட்டில் செய்து பார்த்தார்.

பிரதமராக இருந்தபோது வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கித்தான் ஒரு ஃபியட் கார் வாங்கினார். கடன் தீர்வதற்குள் அவர் போய்விட்டார். மனைவி லலிதா தன் பென்ஷனில் இருந்து அதைக் கட்டித் தீர்த்தார்.

1954: வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த சிறுவன்

அதே ஜனவரி 11, 1954. மத்தியப் பிரதேசத்தின் விதிஷாவில் கைலாஷ் சத்யார்த்தி பிறந்தார். முதல் நாள் பள்ளிக்குப் போனபோது, வாசலில் தன் வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு உட்கார்ந்து செருப்பு தைப்பதைப் பார்த்தார். 'அவன் ஏன் உள்ளே வரவில்லை?' என்று ஆசிரியரிடம் கேட்டார். ஏழைப் பிள்ளைகள் வேலை செய்வது வழக்கம்தான் என்றார் ஆசிரியர். அந்தப் பதில் அவரைக் கடைசிவரை உறுத்தியது.

1980-ல் 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' தொடங்கினார். குழந்தைகள் நெய்யாத தரைவிரிப்புக்குத் தனி முத்திரை கொண்டுவரப் பாடுபட்டார். 1998-ல் மணிலாவில் தொடங்கி ஜெனீவாவில் முடிந்த உலகப் பேரணியை முன்னின்று நடத்தினார். அடுத்த ஆண்டே, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடை செய்யும் 182-வது உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியது. 2014-ல் மலாலாவோடு சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

13 வயதில் பொய்ச் சான்றிதழோடு மில்லுக்குப் போன கமெல்லாவுக்கும் இவருக்கும் இடையே 42 ஆண்டுகள். பிரச்னை மட்டும் மாறவில்லை. திருப்பூரும் இதற்கு விலக்கு இல்லை. 1990-களில் வெளிநாட்டு வாங்குநர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் பல இடங்களில் நிலைமை மாறியது. குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற அறிவிப்புப் பலகையை இன்று கம்பெனி வாசலில் பார்ப்பவர்கள், அதற்குப் பின்னால் எத்தனை நாட்டுக் குழந்தைகளின் கதை இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

இதே நாளில் இன்னும் சில...

1787: பிழைப்புக்கு இசை, பொழுதுபோக்குக்கு வானம் என்று வாழ்வைத் தொடங்கிய வில்லியம் ஹெர்ஷல், தான் கண்டுபிடித்த யுரேனஸ் கோளுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பதைப் பார்த்தார். டைட்டானியா, ஓபரான் என்ற அவற்றின் பெயர்கள் பின்னால் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருந்து எடுத்து வைக்கப்பட்டவை.

1935: அமெலியா ஏர்ஹார்ட் ஹவாயில் இருந்து தன்னந்தனியாக விமானத்தில் கிளம்பினார். சுமார் 18 மணி நேரம் கடல் மேல் பறந்து, மறுநாள் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இறங்கினார். இந்தப் பாதையில் தனியாகப் பறந்த முதல் ஆள் அவர்தான். ஆண்கள் உட்பட!

1964: புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்ற அறிக்கையை அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்டார். வேண்டுமென்றே சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். பங்குச்சந்தைக்கு விடுமுறை, ஞாயிறு நாளிதழ்களில் முதல் பக்கம். இன்றைய எச்சரிக்கைப் படங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கப் புள்ளி.

1973: இந்தூரில் ராகுல் டிராவிட் பிறந்தார். டெஸ்ட் கிரிக்கெட்டில் 13,288 ரன். அதைவிட முக்கியம், அவர் சந்தித்த 31,258 பந்துகள். டெஸ்ட் வரலாற்றில் அவ்வளவு பந்துகளை வேறு யாரும் சந்தித்ததில்லை. 'சுவர்' என்று சும்மாவா சொன்னார்கள்?

மகளுக்குத் தெரியாத அம்மா

லாரன்ஸ் ஊருக்கு மறுபடி ஒருமுறை போய் வரலாம். ஏனென்றால் அந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு.

போராட்டம் வென்றது. ஆனால் ஊர் அதைப் பேசவில்லை. போராடியவர்களை நாட்டுக்கு எதிரானவர்கள் என்று முத்திரை குத்திய காலம் அடுத்து வந்ததால், வீடுகளில் வாய் மூடிக்கொண்டது. 1970-களில் ஒரு பத்திரிகையாளர் கமெல்லா தியோலியின் குடும்பத்தைத் தேடிப் போனார். கமெல்லா அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகள் இருந்தார். அம்மா நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னதோ, அதிபரின் மனைவி கேட்டதோ, அது நாளிதழ்களில் முதல் பக்கச் செய்தியானதோ, எதுவுமே அந்த மகளுக்குத் தெரியாது.

அம்மாவின் தலையில் முடி வளராத ஓர் இடம் இருந்தது மட்டும் தெரியும். அதை மறைக்கத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டவரே அந்த மகள்தான். ஆண்டுக்கணக்கில் அந்தத் தழும்பைத் தொட்டும், அதன் கதையை அவர் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

அதன் பிறகுதான் லாரன்ஸ் விழித்துக்கொண்டது. 1980-களில் இருந்து ஆண்டுதோறும் அந்தப் போராட்டத்தின் பெயரில் விழா எடுக்கிறது.

திருப்பூர் அந்த விஷயத்தில் பரவாயில்லை. குமரனை மறக்கவில்லை. சாலைக்குப் பெயர் இருக்கிறது, சிலை இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை மாலையும் விழுகிறது. ஆனால் சிலையின் பெயர் தெரிவதும் கதை தெரிவதும் ஒன்றல்ல. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து குமரன் ரோட்டில் தினமும் நடக்கும் இளைஞர்களுக்கு, அந்தப் பெயருக்கு உரியவரும் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த ஓர் இளைஞர்தான் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

சிலை இல்லாதவர்களின் கதைகளும் இருக்கின்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரில் இருந்து போகிறது. அவ்வளவையும் தைத்த கைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. விரலில் தையல் ஊசி ஏறிய தழும்பு இல்லாத பழைய டெய்லர் அபூர்வம். அம்மா முதன்முதலாகக் கம்பெனிக்குப் போனது எந்த வயதில், முதல் வாரச் சம்பளம் எவ்வளவு, அந்தத் தழும்பு எப்படி வந்தது? பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மாக்களும் தாமாகச் சொல்வதில்லை.

பொங்கல் லீவு நெருங்கிவிட்டது. பையைக் கட்டுவதற்கு நடுவே, ஜனவரி 11 தாளைக் கிழிக்கும் காலையில், வீட்டுப் பிள்ளைகளுக்குக் குமரன் கதையைச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் கதையையும்.